சக்கைக்குக் கணக்குண்டு, கைகளுக்கு?

சென்ற ஆண்டு செப்டம்பர் திங்களில், 'படைப்பின் காலம்' கொண்டாடும் வகையில் நம் பங்கின் இளையோர் ஒரு மாலைக் கருத்தரங்கை நடத்தினர். ஐரோப்பாவில் சுற்றுச்சூழல் மேலாண்மை பயின்று திரும்பியிருந்த இளைஞர் ஒருவர் உரையாற்றினார். பொருள்: திராட்சை மதுத் தொழிலில் சுழற்சிப் பொருளாதாரம். திரையில் அழகானதொரு வட்டம் வரைந்து காட்டினார். கொடியிலிருந்து கனி, கனியிலிருந்து இரசம், பிழிந்த சக்கையிலிருந்து சாராயம், விதையிலிருந்து எண்ணெய், தோலிலிருந்து சாயம், மண்டியிலிருந்து டார்டாரிக் அமிலம், எஞ்சிய அனைத்தும் எருவாகி மீண்டும் கொடியின் வேருக்கு. "எதுவுமே வீணாவதில்லை, ஃபாதர்" என்று நம்மை நோக்கிச் சொன்னபோது அவர் முகத்தில் ஒளி இருந்தது. நாமும் மகிழ்ந்தோம்.

அப்போது பின்வரிசையில் அமர்ந்திருந்த அம்மையார் ஒருவர் எழுந்தார். நாற்று நட்டும் களை பறித்தும் பிழைப்பவர். "தம்பி, அந்தப் பழத்தைப் பறிக்கிறவங்களுக்கு ஒரு நாளைக்கு என்ன கூலி?" என்று கேட்டார். இளைஞர் சற்றுத் தடுமாறினார். பின்பு நேர்மையாகவே விடையளித்தார்: "அது வேற துறை, அம்மா. நாங்க அதைக் கணக்குல எடுக்கிறதில்லை."

அது வேறு துறை. இந்த மூன்று சொற்களோடு வழக்காடவே இக்கட்டுரையை எழுத நேர்ந்தது.

ஒன்றை முதலில் சொல்லிவிட வேண்டும். சுழற்சிப் பொருளாதாரத்தைப் பொய் என்று தள்ளுபவர் நாமல்லர். நூறு கிலோ திராட்சையைப் பிழிந்தால் ஏறத்தாழ இருபது முதல் இருபத்தைந்து கிலோ வரை சக்கை எஞ்சுகிறது. அதைக் கண்டபடி கொட்டினால் மண் கெடும், ஓடைநீர் கெடும், மீன் சாகும். அதை முறையாகப் பயன்கொள்வது நல்லறிவு மட்டுமன்று, படைப்பின்மீது நமக்குள்ள கடமையும் ஆகும். திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட 'லவுதாத்தோ சீ' சுற்றுமடலின் 22ஆம் எண்ணில், இயற்கையைப்போல் கழிவை மீண்டும் உயிர்ப்பொருளாக்கும் சுழற்சி முறையை மனிதன் இன்னும் கைக்கொள்ளவில்லையே என்று வருந்தினார். ஆகவே வட்டம் நமக்குப் பகையன்று. வட்டத்துக்குள் யார் இருக்கிறார், யார் வெளியே நிற்கிறார் என்பதே நம் கேள்வி.

இந்த வட்டம் புதியது என்று நினைப்பதும் பிழை. கிறிஸ்து பிறப்பதற்கு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னே மறைந்த உரோமைப் பெருந்தலைவன் காத்தோ வேளாண்மை பற்றி ஒரு நூல் எழுதி வைத்தான். இன்றைய மேலாண்மை வல்லுநர்கள் படித்தால் வியந்துபோவர். பிழிந்த சக்கையை எறியாதே, தார் பூசிய சாடிகளில் அடைத்து வை, குளிர்காலத்தில் மாடுகளுக்குத் தீவனமாகும் என்கிறான். அச்சக்கையில் நீரூற்றி வடித்த கழுவுநீர் போன்ற மதுவுக்கு 'லோரா' என்று பெயர்; அறுவடை முடிந்தபின் மூன்று திங்கள் அடிமைகள் அதைக் குடிக்கட்டும் என்கிறான். நல்ல மது சந்தைக்கு, சக்கை மாட்டுக்கு, சக்கை கழுவிய நீர் அடிமைக்கு. எதுவும் வீணாகவில்லை! அதே நூலின் தொடக்கத்தில், பண்ணையாளன் விற்றுத் தீர்க்கவேண்டிய பொருள்களைப் பட்டியலிடும் இடத்தில், தேய்ந்த எருது, பழைய வண்டி, பழைய கருவி ஆகியவற்றோடு முதிய அடிமையையும் நோயுற்ற அடிமையையும் சேர்த்து எழுதுகிறான். சக்கைக்கு ஒரு பயன் கண்டுபிடித்த அந்தக் கூர்மதி, தன் தோட்டத்தில் முதுகு வளைந்துபோன மனிதனுக்கு ஒரு மூலையும் ஒரு கவளமும் கண்டுபிடிக்கவில்லை. சிக்கனமும் நீதியும் ஒரே வீட்டில் பிறந்தவை அல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

(அந்த லோரா இன்றும் சாகவில்லை. 'பிக்கெட்' என்ற பிரெஞ்சுப் பெயரில் ஐரோப்பியத் தோட்டக் கூலிகளின் பானமாகப் பல நூற்றாண்டுகள் நீடித்தது. ஐரோப்பியச் சட்டம் அதை மக்கள் குடிக்க விற்பதைத் தடுத்திருக்கிறது. அமெரிக்காவிலோ சென்ற சில ஆண்டுகளாக அது அழகிய புட்டிகளில், கழிவில்லா வாழ்வின் அடையாளமாக, நாகரிகமான கடைகளில் விற்கிறது. அடிமையின் பானத்துக்கு இப்போது நல்ல விலை.)

இதற்கு எதிரே திருமறையின் சிந்தனை எப்படிச் செல்கிறது என்று பார்ப்போம். லேவியர் நூல் 19ஆம் அதிகாரமும் இணைச்சட்டம் 24ஆம் அதிகாரமும் திராட்சைத் தோட்டக்காரனுக்கு இட்ட கட்டளை நாம் அறிந்ததே: பறித்தபின் மீண்டும் திரும்பிச் சென்று பொறுக்காதே, உதிர்ந்ததையும் தப்பியதையும் ஏழைக்கும் அந்நியனுக்கும் அநாதைக்கும் கைம்பெண்ணுக்கும் விட்டுவிடு. இதைப் பலரும் தருமம் என்றே மறையுரையில் சொல்லி முடித்துவிடுகிறோம். உண்மையில் இது உரிமை பற்றிய சட்டம். கொடியில் மிஞ்சியது தோட்டக்காரனுடையது அன்று என்கிறது. மிச்சத்தின்மேல் உடைமையாளனின் கை நின்றுவிட வேண்டிய ஓர் எல்லையைக் கடவுள் வரைகிறார்.

இன்றைய சுழற்சிப் பொருளாதாரம் அந்த எல்லையைத்தான் ஓசையின்றி அழிக்கிறது. மிச்சம் என்று ஒன்றே இல்லை, எல்லாம் மூலப்பொருள் என்று அது அறிவிக்கும்போது, எல்லாம் உடைமையாளனுக்கே என்ற அறிவிப்பும் அதனுள் ஒளிந்திருக்கிறது. 2000ஆம் ஆண்டில் பிரெஞ்சு இயக்குநர் அன்னியெஸ் வார்தா, பொறுக்கி வாழும் மக்களைப்பற்றி ஓர் ஆவணப்படம் எடுத்தார். அதில் பர்கண்டித் தோட்டங்களில் விளைச்சல் அளவைக் கட்டுக்குள் வைப்பதற்காக வெட்டித் தரையில் விடப்பட்ட திராட்சைக் குலைகளைக் காண்கிறோம். பொறுக்க வருவோர்க்கோ அங்கு அனுமதி இல்லை. மண்ணில் அழுகினால் அது எரு. ஏழையின் கூடையில் ஏறினால் அது திருட்டு.

இதையொத்த இன்னொன்றும் உண்டு. பிரான்சு நாட்டுச் சிற்றூர்களில், அறுவடை முடிந்ததும், வண்டியில் ஏற்றிய வாலையோடு ஊர் ஊராகச் செல்லும் சாராயம் காய்ச்சுவோர் இருந்தனர். சிறு உழவன் தன் சக்கையைக் கொண்டுவந்து காய்ச்சி, வரியின்றித் தன் வீட்டுக்கு எடுத்துச்செல்லும் உரிமை பெற்றிருந்தான். 1960ஆம் ஆண்டின் ஆணை அவ்வுரிமை தந்தையிடமிருந்து மகனுக்கு இறங்குவதை நிறுத்தியது. குடிவெறியைத் தடுத்தல் என்ற நியாயமான காரணமும் அதற்கு இருந்தது. குடியால் சீரழிந்த இல்லங்களை அன்றாடம் சந்திக்கும் நாம் அதைப் பழிக்கமாட்டோம். ஆனால் சாராயம் காய்ச்சுவது நிற்கவில்லையே! ஊர் மந்தையிலிருந்து பேராலைக்குப் போயிற்று, அவ்வளவே.

இனி, நம் காலத்துக்கு வருவோம். பிரான்சின் ஷாம்பெய்ன் வட்டாரம் இத்துறையில் முன்னோடி என்று போற்றப்படுகிறது. போற்றத்தக்க செயல்களும் அங்கு நடந்துள்ளன. 2003ஆம் ஆண்டிலேயே தன் கரிம வெளியீட்டைக் கணக்கிட்ட வட்டாரம் அது. 2010இல் தன் கனமான கண்ணாடிப் புட்டியை 900 கிராமிலிருந்து 835 கிராமாகக் குறைத்தது. சக்கை முழுவதும் ஆலைகளுக்குச் சென்று சாராயமாகவும் வேறு பொருள்களாகவும் மாறுகிறது. ஒரு புட்டியில் அறுபத்தைந்து கிராம் கண்ணாடியைக் குறைப்பதற்கு எத்தனை ஆய்வு, எத்தனை சோதனை, எத்தனை பெருமிதம்!

அதே ஷாம்பெய்னில் திராட்சையை இயந்திரத்தால் பறிக்கக் கூடாது என்பது விதி. குலை நசுங்காமல் கையால்தான் பறிக்க வேண்டும். ஆகவே ஒவ்வோர் அறுவடைக்கும் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட பருவக் கூலிகள் அங்கு வந்து குவிகின்றனர். 2023 செப்டம்பரில் வெயில் கடுமையாக இருந்தது. பறிக்கும் பணியில் இருந்தவர்கள் மாண்ட செய்திகள் நாளிதழ்களில் வந்தன. அதே நாள்களில் நெல்-லெ-ரெப்போன் என்னும் சிற்றூரில் பாழடைந்த கட்டடம் ஒன்றில் தொழில் ஆய்வாளர்கள் நுழைந்தபோது, ஐம்பதுக்கு மேற்பட்ட தொழிலாளர் அடைந்து கிடந்தனர். பெரும்பாலோர் மேற்கு ஆப்பிரிக்கர். உரிய தாள்கள் இல்லாதவர். தரையில் படுக்கை, நாறும் கழிப்பிடம், உயிருக்கு ஆபத்தான மின்கம்பிகள். வழக்கு ஷாலோன் நகர நீதிமன்றத்துக்குச் சென்றது. 2025 ஜூலையில், 57 பேரை அவ்வாறு வைத்திருந்ததற்காக, ஆள் கடத்தல் குற்றத்தின்கீழ் மூவர் தண்டிக்கப்பட்டனர். ஆட்களை அனுப்பிய நிறுவனத்தின் தலைவிக்கு நான்காண்டுச் சிறை. அதில் இரண்டாண்டு நிறுத்திவைக்கப்பட்டது.

நம் இளைஞரின் வட்டத்தை இந்த 57 பேரின் மேல் வைத்துப் பாருங்கள். அவர்கள் பறித்த குலையின் சக்கைக்கும் கணக்கு உண்டு, விதைக்கும் கணக்கு உண்டு. அவர்கள் உறங்கிய தரைக்கு அதில் இடமில்லை. 2013ஆம் ஆண்டின் 'எவாஞ்ஜெலீ கௌதியும்' மடலில் திருத்தந்தை பிரான்சிஸ், இன்று ஒதுக்கப்படுவோர் சுரண்டப்படுவோர்கூட அல்லர், மிஞ்சியெறியப்பட்ட எச்சங்களாகவே ஆகிவிட்டனர் என்ற கருத்தில் எழுதியதை நாம் படித்தபோது சற்று மிகையோ என்று தோன்றியதுண்டு. இப்போது அது குறைத்துச் சொன்னதாகவே தோன்றுகிறது. எச்சத்தைக்கூட இவர்கள் எறிவதில்லையே; மனிதனை மட்டுமல்லவா எறிகிறார்கள்!

இன்னும் கொடியதொரு சுழற்சியைத் தென்னாப்பிரிக்கா நமக்குக் காட்டுகிறது. கேப் பகுதியில் 1659ஆம் ஆண்டில் முதல் திராட்சை மது பிழியப்பட்டது. அத்தோட்டங்கள் அடிமைகளின் உழைப்பால் வளர்ந்தன. அங்கே 'டாப்' என்றொரு முறை வேரூன்றியது. கூலியின் ஒரு பகுதியைப் பணமாகத் தராமல் மதுவாகவே தந்தனர். காலையில் ஒரு குவளை, பின்பு ஒன்று, நண்பகலில் ஒன்று, மாலையில் ஒன்று என்று நாள் முழுவதும். சந்தையில் விலைபோகாத தாழ்ந்த மது வீணாகவில்லை. கூலிச் செலவு குறைந்தது. குடிக்குப் பழகிய தொழிலாளி தோட்டத்தை விட்டு ஓடவும் இல்லை. மது உழைப்பைக் கட்டியது. உழைப்பு மதுவை ஈன்றது. எவ்வளவு முழுமையான வட்டம்!

1960களிலேயே சட்டம் இதைத் தடுத்தது. ஆயினும் பல பண்ணைகளில் அது பின்னும் பல ஆண்டுகள் தொடர்ந்தது. முறை ஒழிந்தபின்னும் அதன் விளைவு ஒழியவில்லை. தாய் அருந்திய மதுவால் கருவிலேயே மூளையும் உடலும் குன்றிப் பிறக்கும் குழந்தைகளின் விகிதம் உலகில் மிக உயர்ந்த அளவில் பதிவாகியிருப்பது மேற்குக் கேப் மாநிலத்தின் திராட்சை விளையும் ஊர்களில்தான். தோட்டக்காரனின் வரவுசெலவுப் புத்தகத்தில் என்றோ மூடப்பட்ட கணக்கு அது. பள்ளிக்கூடத்தில் எழுத்துக் கூட்டமுடியாமல் அமர்ந்திருக்கும் பிள்ளையின் உடலில் இன்னும் திறந்தே கிடக்கிறது.

நிற வேற்றுமை ஆட்சி 1994இல் முடிந்தது. ஆனால் 2012 நவம்பரில் டி டோர்ன்ஸ் பள்ளத்தாக்கின் பண்ணைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்களுக்கு அரசு விதித்திருந்த குறைந்த அளவு நாட்கூலி 69 ராண்ட். அவர்கள் கேட்டது 150. அங்கு விளைவது பெரும்பாலும் உண்ணும் திராட்சை. போராட்டமோ மதுத் தோட்டங்கள் உள்ள ஊர்களுக்கும் பரவியது. உயிர்களும் போயின. 2013 மார்ச்சு முதல் 105 ராண்ட் என்று அரசு அறிவித்தது.

அந்நாட்டில் சுற்றுச்சூழல் நெறிகளுக்கான திட்டம் ஒன்று 1998 முதல் நடைபெறுகிறது. தொழிலாளர் நலனை ஆய்ந்து சான்றளிக்கும் சங்கமோ 2002இல் தனியாகத் தோன்றியது. இரண்டும் நல்ல முயற்சிகளே; அவற்றை நடத்துவோரை நாம் குறைகூறவில்லை. ஆனால் சான்று இரண்டு, முத்திரை இரண்டு, ஆய்வாளர் இரண்டு வகை. ஆகவே ஒன்றைப் பெற்று மற்றொன்றைப் பெறாத புட்டியும் கடைத்தட்டில் பெருமையோடு நிற்க முடியும். 'அது வேறு துறை' என்ற சொல் உலகெங்கும் இப்படித்தான் அலுவலகமாகவும் முத்திரையாகவும் உருவெடுக்கிறது.

எதிர்வாதங்களைக் கேளாமல் இல்லை. மண்ணை மதிக்கப் பழகியவன் நாளடைவில் மனிதனையும் மதிப்பான் என்பர் சிலர். காத்தோ மதிக்கவில்லை, இரண்டாயிரம் ஆண்டுக்கு மேலாகியும் அந்த நாள் வரவில்லை. முதலில் பூமி பிழைக்கட்டும், பின்பு கூலியைப் பார்க்கலாம் என்பர் வேறு சிலர். வெயில் தாக்கி வரப்பில் சாய்பவனுக்குப் பூமி வேறு, தான் வேறா? சுழற்சியால் புதிய வேலைகள் பிறக்கின்றன என்பது மூன்றாம் வாதம். பிறக்கின்றன, மறுக்கவில்லை. எத்தகைய வேலை என்று மட்டும் கேட்கிறோம். நொதித்து முடிந்த தொட்டியின் அடியில் கரியமில வாயு தேங்கி நிற்கும். சக்கையை அள்ள உள்ளே இறங்குபவன் மூச்சடைத்து விழுவான்; அவனைத் தூக்க இறங்குபவனும் விழுவான். இது அத்தொழிலில் நெடுங்காலமாக அறிந்த ஆபத்து. மலக்குழியில் மாண்டவர்களின் வீடுகளுக்கு இறுதிச்சடங்கு செய்யச் சென்ற குருக்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. சக்கையின் மதிப்பு உயர உயர, அதை அள்ளுபவனின் மதிப்பும் உயர்ந்ததா என்பதே அளவுகோலாக இருக்க வேண்டும்.

நான்காவது வாதம் வலுவானது; அதற்குத் தலைவணங்குகிறோம். இத்தாலியின் ஃபாயென்சா நகரில் பல்லாயிரம் திராட்சை உழவர்களின் கூட்டுறவுகளுக்குச் சொந்தமான ஆலை ஒன்று இயங்குகிறது. தம் உழவர்களின் சக்கையிலிருந்து சாராயமும் அமிலமும் எரிவாயுவும் எருவும் எடுக்கிறார்கள். வருவாய் பங்குதாரராகிய உழவர்களையே சேர்கிறது. வட்டம் சிலரின் கைக்குள் அடங்கியே தீரவேண்டும் என்ற விதியில்லை என்பதற்கு அது சான்று. ஆயினும் அங்கும் உழவன் உள்ளே, பறிப்பவன் வெளியே. அதே இத்தாலியில், கங்காணிகள் வழியாகக் கூலிகளை அடிமைபோல் நடத்தும் 'கப்பொராலாத்தோ' முறைக்கு எதிராக 2016இல் தனிச் சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று. அதற்குத் தூண்டுதலாக அமைந்தவற்றுள் ஒன்று, 2015 கோடையில் புல்யா மாநிலத்துத் திராட்சைத் தோட்டத்தில் வேலை செய்தபடியே உயிர்விட்ட ஒரு பெண் கூலியின் மரணம்.

கங்காணி என்றதும் மத்தேயு நற்செய்தி 20ஆம் அதிகாரம் நினைவுக்கு வருகிறது. திராட்சைத் தோட்டக்காரர் விடியற்காலை தொடங்கி மாலை ஐந்து மணி வரை ஐந்து முறை சந்தைவெளிக்குச் செல்கிறார். அவருக்கு ஒரு மேற்பார்வையாளர் உண்டு. கூலி கொடுக்கும் நேரத்தில் அவரை அழைக்கிறார். ஆனால் ஆள் தேட அவரை அனுப்பவில்லை. தாமே போகிறார், வேலையின்றி நிற்பவனின் முகத்தைத் தாமே பார்க்கிறார், ஏன் நிற்கிறாய் என்று தாமே கேட்கிறார். கடைசியில் வந்தவனுக்கும் முழுக்கூலி தந்த அவரது தாராளத்தை நாம் பலமுறை வியந்திருக்கிறோம். அந்தத் தாராளம் எங்கே பிறந்தது என்று எண்ணிப் பார்த்தோமா? பார்த்த முகத்துக்குக் குறைத்துக் கொடுக்க அவரால் முடியவில்லை. இன்றோ தோட்டக்காரனைக் கேட்டால் ஆலையைக் காட்டுகிறான். ஆலையைக் கேட்டால் ஆள் அனுப்பிய நிறுவனத்தைக் காட்டுகிறது. நிறுவனத்தைக் கேட்டால் அதற்குக் கீழே இன்னொரு கங்காணி. முகம் தெரியாத வகையில் இவ்வளவு திறமையாக ஏற்பாடு செய்துவிட்டபின், கூலி மட்டும் எப்படி நேராக வரும்?

இதில் நாம் குற்றமற்றவர் என்று சொல்லத் துணியவில்லை. மது இயற்கையானதாகவும் திராட்சையிலிருந்து பெறப்பட்டதாகவும் கெடாததாகவும் இருக்க வேண்டும் என்று திருச்சபைச் சட்டம் 924 கூறுகிறது. குருமடத்தில் மனப்பாடம் செய்த நாள் முதல் அதைத் தவறாமல் காத்து வருகிறோம். காணிக்கை மன்றாட்டில் கொடியின் கனியையும் மனித உழைப்பையும் ஒரே மூச்சில் சேர்த்தே கடவுளுக்கு ஒப்புக்கொடுக்கிறோம். கனி கெட்டதா என்று முகர்ந்து பார்க்கும் நாம், உழைப்பு கெட்டதா என்று முப்பது ஆண்டு குருத்துவ வாழ்வில் ஒருமுறையும் கேட்டதில்லை. அந்தச் சிறு கிண்ணத்தில் யாருடைய கூலி கரைந்திருக்கிறது என்று அறியாமலேயே உயர்த்திப் பிடித்திருக்கிறோம். கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர்த் திராட்சை 1832இல் பிரெஞ்சுக் குரு ஒருவரால் தமிழகத்துக்குக் கொண்டுவரப்பட்டது என்று, 2023இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது நாளிதழ்களில் படித்துப் பெருமைப்பட்டோம். கொடியைக் கொண்டுவந்த குரு நினைவில் இருக்கிறார். அன்று முதல் இன்றுவரை அக்கொடிகளுக்குக் கவாத்து செய்தவர்களுள் ஒருவர் பெயரும் நமக்குத் தெரியாது. பிறரைச் சாடும்போது இதையும் ஒப்புக்கொள்வதே முறை.

உழைப்பே முதலுக்கு முந்தியது என்று 1981இல் 'லபோரெம் எக்செர்சென்ஸ்' சுற்றுமடலில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் வரையறுத்தார். அதைக் கொஞ்சம் நீட்டிப் பார்த்தால், உழைப்பு சக்கைக்கும் முந்தியது. ஆகவே சுழற்சி முறை என்று பெயர் சூட்டிக்கொள்ளும் எந்த மது ஆலையும், தண்ணீர் எவ்வளவு, கண்ணாடி எவ்வளவு, கரியமிலம் எவ்வளவு என்று எழுதும் அதே தாளில், ஒரு கிலோ பறிக்க என்ன கூலி, பறித்தவர் எங்கே உறங்கினார், வெயில் ஏறியபோது வேலை நின்றதா என்பதையும் எழுத வேண்டும். வேறு தாளில் அல்ல, அதே தாளில். எழுத மறுக்கும் ஆலை தன் எருவைப் பற்றிப் பெருமை பேசலாம். நீதியைப் பற்றிப் பேச அதற்கு வாயில்லை.

கருத்தரங்கு முடிந்து பத்து நாள் கழித்து அந்த இளைஞர் நம் இல்லத்துக்கு வந்தார். ஷாம்பெய்ன் வழக்கைப் பற்றிய செய்திகளைத் தேடிப் படித்திருந்தார். அவருடைய வட்டத்தின் படியொன்று கையில் இருந்தது. 'பறித்தல்' என்ற சொல்லின் அருகே பென்சிலால் ஒரு கட்டம் போட்டிருந்தார். உள்ளே எண் எதுவும் இல்லை. தாம் பயின்ற பல்கலைக்கழகத்துக்கு அந்த எண்ணைக் கேட்டு எழுதியிருப்பதாகவும், விடை இன்னும் வரவில்லை என்றும் சொன்னார். அந்த அம்மையாரைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போகலாம் என்று இருவரும் அவர் வீட்டுக்கு நடந்தோம். கதவு சாத்தியிருந்தது. சம்பா நடவுக்குப் போயிருக்கிறார், பொழுது சாய்ந்துதான் வருவார் என்று பக்கத்து வீட்டார் சொன்னார்கள்.